மில்லிங் மெஷினில் ஏர் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மோட்டாரை நிறுத்திய பிறகும் கட்டர் மாட்டிய ஸ்பிண்டில் வெகுநேரம் சுற்றுகிறது, மறுபடி ஓட்டினால் பிரேக் உரசித் தீய்ந்த வாடை வருகிறது என்கிறீர்கள். பிடிக்கவும் தாமதம், விடவும் தாமதம். இரண்டும் சேர்ந்து வந்தால் நான் பிரேக் ஷூவை விட்டுவிட்டுக் காற்றைத்தான் சந்தேகிப்பேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கடலோர ஊர், கம்ப்ரசர் டாங்கியை வடித்தால் தண்ணீர் கொட்டும். இருந்தும் பிரேக் என்றதுமே எல்லாருக்கும் ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்டைக் கழற்றத்தான் கை அரிக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிரஷர் கேஜ். சும்மா நிற்கும்போது 6 பார் காட்டுவதை நம்பாதீர்கள், பிரேக் விழும் நொடியில் முள்ளைக் கவனியுங்கள். சட்டென்று இறங்கி மெல்ல மெல்ல ஏறினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, இல்லை ஓஸ் எங்கோ நசுங்கியிருக்கிறது.

முள் அசையவில்லையா, சரி, மின்சாரத்தால் காற்றைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுக்கு வாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, காற்றை மட்டும் அடைக்காமல் வையுங்கள். வால்வின் உடம்பில் கையால் இயக்குவதற்கென்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அதை அழுத்துங்கள். 'டக்'கென்று பிரேக் பிடித்தால் காற்றுப் பக்கம் பழுதில்லை, காயில், ஒயர், ரிலே என்று மின்சாரப் பக்கம் தேடலாம். கனெக்டரில் லைட் எரிகிறது என்பதற்காகக் காயில் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வோல்டேஜ் வந்து சேர்கிறது என்பதற்கு மேல் அந்த லைட் எதுவும் சொல்லாது. கழற்றி மீட்டர் வைத்து ரெசிஸ்டன்ஸ் பாருங்கள்.

பொத்தானை அழுத்தியும் மந்தமாகவே பிடித்தால், வால்வுக்குள்ளே நகர்ந்து காற்றின் வழியை மாற்றும் ஸ்பூல் தண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். துருவும் தண்ணீரும் எண்ணெயும் குழைந்து மோர் நிறத்தில் ஒரு சகதி படியும், அது இரண்டு திசையிலும் இழுத்துப் பிடிக்கும். உங்கள் கோளாறு இதுதான் என்பது என் ஊகம். வால்வைப் பிரிக்கும் முன், காற்று வெளியேறும் வாயில் இருக்கும் சைலன்சரைப் பாருங்கள். விரல் நுனியளவு பித்தளைச் சாமான், யார் கண்ணிலும் படாது. அது அடைத்தால் சிலிண்டரில் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் ஷூ உரசிக்கொண்டே இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பிரேக்கைப் போட்டு, பிறகு விடுவியுங்கள். 'புஸ்'ஸென்று உடனே விட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அப்புறம் புதுசு மாட்டுங்கள். அது இல்லாமலேயே ஓட்டினால் தூசி நேராக வால்வுக்குள் போகும்.

ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் மெஷினில் காற்று வந்தால் பிரேக் பிடிக்குமா, காற்று போனால் ஸ்பிரிங் பிடிக்குமா? நான் சொன்னதெல்லாம் முதல் வகைக்கு. இரண்டாவது வகையில் எல்லாம் தலைகீழ், காற்று குறைந்தாலே உரசும். முதல் வகையில் கரண்டு போனால் வால்வும் விட்டுவிடும், பிரேக் வராது. 2023இல் இங்கே லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, வெட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய் கட்டர் தன்பாட்டுக்குச் சுற்றும். அது பழுதே இல்லை, ஆனால் கை வைத்தால் போச்சு. கரண்டு திரும்பியதும் டாங்கி நிறையும்வரை பிரேக் சொத்தையாகத்தான் பிடிக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் ஷூவுக்குப் போங்கள். ஷூவில் உரசும் பட்டையான லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள், காற்றில் எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டரை யாராவது தாராளமாகத் திறந்து வைத்திருப்பார்கள். பழைய மெஷின் என்றால் அந்தத் தூசியை ஏர் கன்னால் ஊதவே கூடாது, லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நார்தர்ன் கேப்பில் பிரிஸ்கா பக்கம் நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டியெடுத்த நாடு இது. 2008இல்தான் தடை போட்டார்கள், அதற்கு முந்தைய மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி, தனியாக ஒப்படையுங்கள்.