ஒரு கிறிஸ்தவராகப் பெரிய முடிவு எடுக்கும்போது தேவ ஞானத்தை எப்படித் தேடுவது? வெளிநாட்டு வேலை வந்திருக்கிறது. எல்லாரும் தேவசித்தம் என்கிறார்கள், எனக்குத்தான் சமாதானம் இல்லை.

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். யாரோ உங்கள் வீட்டுக்கே வந்து உங்களுக்கான பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுத்தால் கர்த்தரையே மறுத்தது மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சரிதானே? தப்பாக யூகித்திருந்தால் மன்னியுங்கள்.

நான் நர்ஸ், திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஜெபக் குழு அக்கா ஒருவர் சவூதி வேலை என்று ஒரு ஏஜென்டைக் கூட்டி வந்தார். அவரும் விசுவாசிதான். உட்கார்ந்ததும் பைபிளைத் திறந்து வெளிப்படுத்தின விசேஷம் 3:8 வாசித்தார்: "இதோ, திறந்தவாசலை உனக்கு முன்பாக வைத்திருக்கிறேன்". அப்புறம் நீண்ட ஜெபம், அம்மா அழுதேவிட்டார். ஆமென் சொன்ன கையோடு தொகையும் வந்தது. மூன்றரை லட்சம், பாதி முன்பணம். ஒப்பந்தம் என்று அவர் நீட்டியது ஒரு ஜெராக்ஸ். ஆஸ்பத்திரி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீலப் பேனாவில் எழுதியிருந்தது.

அப்பா ரிட்டயர்டு வாத்தியார். இரவு பழைய நோட்டில் கோடு போட்டு உட்கார்ந்தார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தால் வட்டி இவ்வளவு, சொன்ன சம்பளம் சொன்னபடி வந்தால் மீட்க இத்தனை மாதம், வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தனிப் பக்கம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்பு உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14-இல் இயேசுவே கேட்கிறார். அதைத்தான் அப்பா செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து யாக்கோபு 1:5-ஐச் சொல்லி ஜெபித்தேன். ஞானம் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் கடிந்துகொள்ளமாட்டார் என்ற வசனம்.

மறுநாள் ஏஜென்டுக்கு போன் போட்டு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுகள் பதிவு செய்ய வேண்டிய மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் உங்கள் பதிவு எண் என்ன என்று கேட்டேன். "சிஸ்டர், உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்றார். எண்ணைச் சொல்லவில்லை, நான் பணம் கட்டவில்லை. அந்த அக்கா இன்றுவரை ஆராதனை முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல்தான் போகிறார். அந்த ஏஜென்டிடம் பணம் கட்டிய ஒருத்தி சவூதி போய்ச் சேர்ந்து நன்றாகவே இருக்கிறாள். ஆசீர்வாதத்தைத் தவறவிட்டாய் என்பவர்கள் அவளைத்தான் காட்டுகிறார்கள். காட்டட்டும். அந்த ஜெராக்ஸ் இன்னொரு முறை கைக்கு வந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்பேன்.

தீர்க்கதரிசனத்தை மறுக்கிறாள் என்று யாரும் வசனத்தோடு கிளம்ப வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 5:20 தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்கிறது. அடுத்த வசனமே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்கிறது. 2 சாமுவேல் 7-இல் ஆலயம் கட்ட நினைத்த தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசியே முதலில் உம் மனதில் உள்ளதைச் செய்யும் என்றுதான் சொன்னார். அன்று ராத்திரியே கர்த்தர் வேறு சொல்லி, மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. நாத்தானுக்கே அப்படி என்றால் நம் வீட்டுக்கு வருகிறவர் எம்மாத்திரம்? கிதியோன் அடையாளம் கேட்டுக் களத்தில் ஆட்டுத்தோல் போட்டுப் பார்த்தாரே என்பார்கள். அவருக்குப் போ என்ற கட்டளை அதற்கு முன்பே வந்துவிட்டது. பயத்தில் கேட்டார், கர்த்தர் பொறுத்துக்கொண்டார். கண்ணை மூடிப் பைபிளைத் திறந்து விரல் வைப்பதற்கெல்லாம் கிதியோனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் வரன் பேச்சில் "நைட் டூட்டி பார்க்கிற பெண் வேண்டாம்" என்று போன அதே குடும்பம், சவூதிப் பேச்சு காதில் விழுந்ததும் "கர்த்தர் இணைத்தால் எங்களுக்குச் சம்மதம்" என்று ஆள் விட்டது. நான் போகவில்லை என்று தெரிந்ததும் கர்த்தர் இணைக்கவில்லை போலிருக்கிறது, சத்தமே இல்லை. சவூதியில் மட்டும் நைட் டூட்டி கிடையாதா?

சரி, உங்கள் விஷயம். உபவாசம் இருங்கள், சபை ஐயரிடமும் பேசுங்கள். இந்த வேலையால் ஒரு பைசா லாபம் இல்லாத ஒருவரிடமும் கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்டால் ரசீது தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். நீங்களும் நர்ஸ் என்றால், சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு 2015 முதல் அரசு அனுமதித்த நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதில் ஒன்று, அலுவலகம் சென்னையில். எந்த நாடு, ஒப்பந்தத்தில் முதலாளி பெயர் அச்சில் இருக்கிறதா, இரண்டையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.