ஒரே ஓவியத்திலிருந்து எடுத்த அச்சுப்படங்கள் கலைச் சந்தையை எப்படி வளர்த்தன?

ஓவியத்தை ஒருவருக்குத்தான் விற்க முடியும். அதைப் பார்த்துச் செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் படி எடுக்கலாம். லண்டனில் ஓவியரும் செதுக்குக் கலைஞருமான வில்லியம் ஹோகார்த் 1732இல் ஆறு படத் தொகுப்பை முன்பணம் வாங்கி, ஒரு கினிக்கு (அக்கால ஆங்கிலேயத் தங்க நாணயம்) விற்றார். உடனே கள்ள நகல்கள் கிளம்பின. அவரும் சக கலைஞர்களும் போராடிப் பெற்ற 1735ஆம் ஆண்டுச் சட்டம் படத்தை வெளியிடும் தனி உரிமையை 14 ஆண்டுக்குத் தந்தது. அது அமலுக்கு வரும்வரை அடுத்த தொகுப்பை அவர் வெளியிடவே இல்லை, கெட்டிக்காரர்.

விலையின் சூட்சுமம் தகட்டின் தேய்மானத்தில் இருக்கிறது. கோடுகளுக்குள் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளோடு உருளைகளுக்கிடையே அழுத்தும் ஒவ்வொரு முறையும் செம்பு கொஞ்சம் தேயும். மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும்; நிழல்கள் வெளிறிவிடும். மெஸோடின்ட் தகடு, அதாவது கோடுகளுக்குப் பதில் சொரசொரப்பாக்கிய பரப்பால் நிழல் காட்டும் தகடு, இன்னும் சீக்கிரம் தேயும். அதனால்தான் தகட்டில் தலைப்பைப் பொறிக்கும் முன்பே, தேய்மானம் தொடங்கும் கட்டத்தில் எடுத்த முதல் படிகளுக்குக் கூடுதல் விலை. பழைய அச்சுப்படங்களை வாங்குபவர்கள் முதலில் நிழல் பகுதியைப் பாருங்கள்.