சைடு வீலை கழட்டுங்க, கூடவே பெடலையும்

கேள்வி: அண்ணா, என் பையனுக்கு அஞ்சரை வயசு. போன பொறந்த நாளுக்கு 16 இன்ச் சைக்கிள் வாங்கிக் குடுத்தோம், சைடு வீலோட. அதுல நல்லா தான் ஓட்டுறான், கழட்டுனா ஒரு அடி நகர மாட்டேங்குறான், ஒரே அழுகை. கடைக்காரர் சொன்னாருன்னு சைடு வீலை கொஞ்சம் மேல தூக்கி மாட்டினோம், ஒரு பக்கமாவே சாஞ்சு ஓட்டி வலது பக்கக் கம்பியே வளைஞ்சு போச்சு. வீட்டுக்காரர் பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடிட்டு சொல்லாம கொள்ளாம விட்டுட்டாரு, விழுந்து முட்டியெல்லாம் தேஞ்சிருச்சு, அதுலேர்ந்து அப்பா வரவே கூடாதுங்குறான். இப்போ பேலன்ஸ் பைக் வாங்கலாமா, இல்ல பின்னாடி மாட்டுற கைப்பிடி வாங்கலாமான்னு யோசிக்கிறேன். ரெண்டு வயசுல பொண்ணு ஒருத்தியும் இருக்கா. எது வாங்குனா சரியா வரும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

தங்கச்சி, பையனுக்காக இப்போதைக்கு எதுவுமே வாங்காதீங்க. உங்க வீட்ல இருக்கிற அந்த 16 இன்ச் சைக்கிளே போதும், அதுல சைடு வீலை கழட்டுறதோட நிறுத்தாம ரெண்டு பெடலையும் சேர்த்து கழட்டிருங்க, சீட்டை நல்லா கீழ இறக்கிருங்க, அவ்ளோதான், நீங்க வாங்கலாம்னு நினைக்கிற பேலன்ஸ் பைக் ரெடி.

சைடு வீல்ல இத்தனை மாசம் ஓட்டியும் ஏன் வரலைன்னா, உங்க பையன் இத்தனை நாள் ஓட்டுனது சைக்கிளே இல்ல, நாலு சக்கர வண்டி. சைக்கிள் இடது பக்கம் சாஞ்சா ஹேண்டில்பாரையும் அதே இடது பக்கம் லேசா திருப்பணும், அப்போ தான் சக்கரம் உடம்புக்கு அடியில வந்து நிக்கும், விழாது. நாம எல்லாரும் இதை யோசிக்காமலே நிமிஷத்துக்கு எத்தனையோ தடவை செஞ்சுக்கிட்டு தான் ஓட்டுறோம். சைடு வீல் மாட்டுனா வண்டி சாயவே சாயாது, சாயலைன்னா இதைக் கத்துக்க வழியே இல்ல. அதோட விட்டா பரவால்ல, தப்பாவும் பழகிடும். இடது பக்கம் திரும்பும்போது ரெண்டு சக்கர வண்டின்னா உடம்பும் வண்டியும் இடது பக்கம் சாயணும், ஆனா சைடு வீல் வண்டியில உடம்பு வெளிப்பக்கமா தள்ளப்பட்டு வலது பக்க வீல் மேல போய் உக்காந்துக்கும். உங்க வீட்டு வண்டியில கம்பி வளைஞ்சதும் இதே மாதிரி பாரம் ஒரே பக்கம் விழுந்து விழுந்து தான். மேல தூக்கி மாட்டுறது ஓரளவுக்கு உதவும், சில பசங்க அப்படியே கத்துக்கிட்டும் போயிருவாங்க, ஆனா நிறைய பேர் உங்க பையன் மாதிரி ஒரு பக்கத்துல சாஞ்சே காலத்தை ஓட்டிருவாங்க.

இன்னொண்ணு, மேடு பள்ளமான எடத்துல ரெண்டு சைடு வீலும் மேட்டுல ஏறி நின்னுட்டா பின் சக்கரம் அந்தரத்துல சுத்தும், அந்த நேரத்துல பின் பிரேக்கைப் பிடிச்சும் பிரயோஜனம் இல்ல. நம்ம தெரு இருக்கிற லட்சணத்துக்கு இது அடிக்கடி நடக்கும்.

பெடல் இல்லாம எப்படி கத்துக்கறதுன்னு உங்க வீட்டுக்காரர் கேப்பாரு. அவர் சின்ன வயசுல வாடகை சைக்கிள்ல கத்துக்கிட்டிருந்தா அவரையே கேட்டுப் பாருங்க. எடுத்ததும் யாரும் சீட்ல ஏறல. மொதல்ல வண்டியைத் தள்ளிக்கிட்டே நடப்பாங்க, அப்புறம் இடது கால இடது பெடல்ல வச்சுக்கிட்டு வலது காலால தரையைத் தத்தித் தத்தி உருட்டுவாங்க, அந்த ஆட்டம் நின்னப்புறம் தான் பாருக்கு கீழ காலை விட்டு குரங்கு பெடல், அதுக்கும் அப்புறம் தான் பார் மேல, கடைசியா சீட்டு. அந்த தத்துற காலத்துல பெடல் வெறும் கால் வைக்கிற படி தான், மிதிக்கிற வேலையே கிடையாது, கத்துக்கிட்டதெல்லாம் பேலன்ஸ் மட்டும். இப்போ பேலன்ஸ் பைக்னு விக்கிறதும் அதே வித்தை தான், என்ன, ஒரு காலுக்குப் பதிலா ரெண்டு காலும் தரையில. சொல்லப்போனா 1817-ல ஜெர்மனியில மான்ஹைம் ஊர்ல கார்ல் டிரைஸ்ங்கிறவர் ஓட்டிக் காட்டுன வண்டிக்கே பெடல் கிடையாது, பெரியவங்களே காலால உந்தி உந்தி தான் போனாங்க. பெடல் வந்தது 1860-கள்ல, பாரிஸ்ல.

சரி, கழட்டுற விஷயம். இதுல தான் நிறைய பேர் வண்டியைக் கெடுத்துக்கறாங்க. 15 எம்எம் ஸ்பேனர் வேணும். வலது பெடல் எல்லா நட்டு மாதிரி தான், கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா திருகுனா கழலும். இடது பெடல் உல்ட்டா, கடிகாரம் சுத்துற பக்கமா திருகுனா தான் கழலும், அது தெரியாம முக்கி முக்கி திருகுனா இன்னும் இறுகிக்கும், இல்லன்னா மரை போயிடும், அப்புறம் பெடல் மாட்டுற அந்தக் கம்பியை, அதான் கிராங்கையே மாத்தணும். சந்தேகமா இருந்தா பக்கத்து சைக்கிள் கடையில குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. சைடு வீல் மாட்டியிருக்கிறது பின் சக்கரத்தோட அச்சு நட்டுல தான், அதனால அதைக் கழட்டுன கையோட சக்கரம் நடுவுல நேரா இருக்கா, செயின் தொங்காம இருக்கான்னு பார்த்து அந்த நட்டை மறுபடி நல்லா டைட் வைக்கணும். இதை மறந்துட்டு விடுறவங்க தான் அதிகம். கூடை, பின்சீட்டு, மணி அடிக்கிற பொம்மை எல்லாத்தையும் கழட்டிருங்க, இரும்பு வண்டி ஏற்கனவே குழந்தைக்கு பாரம்.

சீட்டுல உக்காந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படணும், முட்டி லேசா மடங்கணும். முழுசா இறக்கியும் நுனிக்கால் தான் படுதுன்னா வண்டி அவனுக்குப் பெருசு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், இல்ல தெரிஞ்சவங்க வீட்டு 14 இன்ச் வண்டியை ரெண்டு வாரத்துக்கு வாங்கிக்கோங்க.

எடம் முக்கியம். மணல், புல்லு வேணாம், வண்டி உருளாது. மொட்டை மாடி வேணவே வேணாம். அபார்ட்மெண்ட் பார்க்கிங், லீவு நாள்ல ஸ்கூல் கிரவுண்டு, சமமான சிமெண்ட் தரை, முடிஞ்சா கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு சின்ன சரிவு. மொத நாள் அவன் சீட்டுல உக்காந்து நடந்தா போதும், ஓட்டுன்னு சொல்லாதீங்க. நடந்து நடந்து அவனுக்கே போரடிச்சு ஓட ஆரம்பிப்பான், அப்புறம் ரெண்டு காலையும் தூக்கிப் பார்ப்பான், அந்தத் தூக்குறது ஒரு நொடி, ரெண்டு நொடின்னு தானா நீளும். நீங்க பத்தடி தள்ளி நின்னு என்னைப் பாருன்னு மட்டும் சொல்லுங்க, ஏன்னா கீழ காலைப் பார்த்தா வண்டி கோணும். பிரேக்கையும் இப்பவே பழக்குங்க, பெடல் வந்தப்புறம் வேணாம். விரல் எட்டலைன்னா நிறைய பிரேக் லீவர்ல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகுனா லீவர் கிட்ட வரும்.

காலைத் தூக்கிக்கிட்டு ஒரு பத்து எண்ணுற வரைக்கும் போறான், வளைஞ்சும் திரும்புறான்னா பெடலை மாட்டிருங்க. மிதிக்கிறது அவனுக்கு ஏற்கனவே தெரியும், சைடு வீல்ல இத்தனை மாசம் ஓட்டுனதுல உருப்படியா கெடச்சது அது ஒண்ணு தான். கெளம்பும்போது ஒரு பெடல் மேலயும் கொஞ்சம் முன்னாடியும் இருக்கணும், அதை அழுத்துன வேகத்துல அடுத்த கால் தானா ஏறிடும். சில பசங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல வரும், சில பேருக்கு ஒரு மாசம் கூட ஆகும், அடுத்த வீட்டுப் பையனோட ஒப்பிட்டுப் பேசாதீங்க.

அந்தக் கைப்பிடி வேணாம். வண்டியைப் பிடிச்சா பேலன்ஸ் பண்றது நீங்க, குழந்தை இல்ல, கூடவே உங்க இடுப்பும் போகும். பிடிச்சே ஆகணும்னா வண்டியைப் பிடிக்காதீங்க, குழந்தையைப் பிடிங்க, அக்குளுக்கு கீழ ஒரு துண்டைச் சுத்தி முதுகுப் பக்கம் லூசா பிடிச்சுக்கிட்டே ஓடலாம், அதுக்குன்னே கைப்பிடி வச்ச ஜாக்கெட் விக்கிறாங்க, துண்டே போதும்.

வீட்டுக்காரர் விஷயத்துல உங்க பையன் பக்கம் தான் நான். அவர் நல்லெண்ணத்துல தான் விட்டிருப்பாரு, நம்ம ஊர்ல எல்லா அப்பாவும் அப்படித்தான், ஆனா விட மாட்டேன்னு சொல்லிட்டு விட்டா குழந்தைக்கு பயம் வண்டி மேல வராது, பிடிச்ச ஆள் மேல வரும். அவரையே மறுபடி கூப்பிடுங்க, இந்த தடவை பிடிக்கவே கூடாதுன்னு சொல்லி. பெடல் கழட்டுற வேலையை அப்பாவும் பையனும் சேர்ந்து செய்யட்டும், ஸ்பேனரை அவன் கையில குடுங்க.

ஹெல்மெட் மட்டும் காசு போட்டு வாங்குங்க. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் அகலத்துல நேரா உக்காரணும், தாடைப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு விரல் நுழையணும், அதுக்கு மேல லூசு கூடாது. செருப்பு வேணாம், ஷூ போட்டு லேசை உள்ள சொருகிருங்க.

பாப்பாவுக்கு ரெண்டு வயசுன்னு சொன்னீங்க, பேலன்ஸ் பைக்குக்கு காசு செலவு பண்ணணும்னு ஆசையா இருந்தா அவளுக்காகப் பண்ணுங்க. அந்த வயசுல பெடல் கழட்டுன 12 இன்ச் வண்டி பாரமாவும் இருக்கும், நீட்டிக்கிட்டு இருக்கிற கிராங்க் கெண்டைக்கால்ல இடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால 3 கிலோவுக்குள்ள இருக்கிற சின்ன வண்டியா பார்த்து வாங்குங்க, சீட்டு எவ்ளோ கீழ இறங்கும்னு கடையில அவளை உக்கார வச்சே பாருங்க. மத்தபடி சைடு வீல் யாருக்குமே ஆகாதுன்னு நான் சொல்ல வரல, உடம்பை பேலன்ஸ் பண்றதுலயே சிரமம் இருக்கிற குழந்தைங்களுக்கு அது தேவைப்படும், அவங்க பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு முடிவு பண்ணிக்கலாம். உங்க வண்டியில கழட்டுன அந்த வளைஞ்ச ஜோடியை மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க, பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுருங்க.