எடிசனில் வாங்கியது, வேளச்சேரியில் இருக்கும்போது விலை இறங்கினால்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். நியூ ஜெர்சி எடிசனுக்குப் போய் நான்கு மாதம். தங்கை கல்யாணத்துக்காக இப்போது வேளச்சேரியில் இருக்கிறீர்கள், டிசம்பர் 10 திரும்புகிறீர்கள். கிளம்புவதற்கு முன், நவம்பர் முதல் வாரத்தில், பெஸ்ட் பை என்ற எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 480 டாலருக்கு 55 இன்ச் டிவியும் 800 டாலருக்கு லேப்டாப்பும், அமேசானில் 100 டாலருக்கு ஏர் ஃபிரையரும் வாங்கினீர்கள். டிவி பிரித்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஏர் ஃபிரையர் பிரிக்காமல் ரூமில் கிடக்கிறது. லேப்டாப் தங்கைக்குப் பரிசாகச் சென்னைக்கே வந்துவிட்டது, சீல் உடையவில்லை. பிளாக் ஃப்ரைடேவில் (நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் வரும் பெரிய தள்ளுபடி நாள்) மூன்றும் 350, 650, 65 என்று இறங்கிவிட்டன. திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கலாமா, இல்லை அது ஏமாற்று வேலையா என்பது கேள்வி.

ஆனி மாதம் தி. நகரில் எடுத்த புடவையை ஆடித் தள்ளுபடியில் தூக்கிக்கொண்டு போய் "இப்போதைய விலைக்குக் கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் என்ன பதில் சொல்வார் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தோடுதான் நாம் எல்லோரும் விமானம் ஏறுகிறோம். அங்கே அந்தக் கூச்சம் தேவையில்லை. ஆனால் அது உங்கள் சட்ட உரிமை என்றும் நினைத்துவிட வேண்டாம். பழுதில்லாத பொருளை "மனசு மாறிவிட்டது" என்று திருப்பினால் கடை எடுத்தே ஆக வேண்டும் என்ற மத்தியச் சட்டம் அமெரிக்காவில் கிடையாது. வாங்கியதை மூன்று நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று ஒரு விதியைச் சிலர் சொல்வார்கள். அது முக்கியமாக வீடு தேடி வந்து விற்பவர்களுக்கானது, நீங்கள் கடைக்குப் போய் வாங்கியதற்கு அது செல்லாது. எல்லாமே அந்தந்தக் கடை தானாக எழுதி வைத்த விதி. அதனால் கடைக்குக் கடை மாறும்.

திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்குவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விலை வித்தியாசத்தை மட்டும் கேளுங்கள். "பிரைஸ் அட்ஜஸ்ட்மென்ட்" என்று சொன்னால் கவுன்டரில் உடனே புரியும். வாங்கிய பிறகு டார்கெட்டிலும் ஆப்பிளிலும் 14 நாள் வரை கேட்கலாம், காஸ்ட்கோவில் 30 நாள். பெஸ்ட் பையில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை கேட்கலாம். சாதாரணமாக அது 15 நாள், காசு கட்டிய மெம்பர்களுக்கு 60 நாள். அமேசானும் வால்மார்ட்டும் வாங்கிய பிறகு விலை இறங்கினால் வித்தியாசம் தருவதில்லை. காஸ்ட்கோவில் ஒரு சிக்கல் உண்டு: கடை விலையும் ஆன்லைன் விலையும் தனித்தனிக் கணக்கு, ஒன்றைக் காட்டி மற்றதில் கேட்க முடியாது.

கடைக்கும் இதுதான் லாபம். பிரித்த டிவியைத் திரும்ப வாங்கினால் அதைச் சோதித்து, "ஓப்பன் பாக்ஸ்" என்று ஒட்டி, விலை குறைத்துத்தான் விற்க முடியும். உங்களுக்கு 130 டாலர் கொடுத்து அனுப்பினால் அவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. கவுன்டரில் தயங்கினால் இதையே மரியாதையாகச் சொல்லுங்கள்: "இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்கு எது வசதி?" பல நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

வித்தியாசத்தோடு அதன் வரியும் திரும்ப வரவேண்டும், இதைப் புதிதாக வந்தவர்கள் கவனிப்பதில்லை. நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். டிவிக்கு 130 டாலரும் வரி 8.61-ம் சேர்த்து 138.61. லேப்டாப்புக்கு 159.94. ரசீதில் வெறும் 130 என்று வந்தால் நகராமல் கேளுங்கள். (துணிமணிக்கு அங்கே வரி இல்லை, ஜாக்கெட் வாங்கினால் இந்தக் கணக்கு வேண்டாம்.)

உங்களுக்கு இருக்கும் இடைஞ்சல், பெஸ்ட் பை போன்ற கடைகள் தேங்க்ஸ்கிவிங் வாரத்துச் சலுகை விலையை இந்த வித்தியாசம் தரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நாட்களில் கேட்டால் "விதியில் இடமில்லை" என்பார்கள். ஆனால் திருப்பிக் கொடுக்கும் விதி வேறு, அது அப்படியே நிற்கும். நவம்பர், டிசம்பரில் வாங்கிய பெரும்பாலான பொருட்களுக்குப் பெரிய கடைகள் ஜனவரி நடுப்பகுதி வரை கெடுவை நீட்டுவது வழக்கம். ரசீதின் அடியில் கடைசித் தேதி அச்சாகியிருக்கும், என் பேச்சை நம்பாமல் அதைப் பாருங்கள். பிளாக் ஃப்ரைடே விலை டிசம்பரில் மறுபடி தலைகாட்டுவதும் சகஜம். அந்த வாரம் தாண்டி விலை 350-லேயே நின்றால் வித்தியாசம் கேட்கத் தடை இல்லை.

டிவியில் முதல் வேலை மாடல் எண்ணைச் சரிபார்ப்பது. பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு எண்ணும், கடைசி எழுத்து வரை, சலுகைப் பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பிளாக் ஃப்ரைடேவுக்கென்றே தனி மாடல்கள் வரும். அதே கம்பெனி, அதே 55 இன்ச், படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே எச்டிஎம்ஐ பாயின்ட் ஒன்று குறையும், திரை மட்டமாக இருக்கும். எண் மாறினால் வித்தியாசமும் கிடைக்காது, மாற்றி வாங்கினாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். லேப்டாப்பிலும் ரேம், ஸ்டோரேஜ், நிறம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எண் ஒன்றுதான், வித்தியாசம் தர மறுக்கிறார்கள் என்றால்: இன்றைக்கே ஆன்லைனில் 350-க்குக் கடையில் எடுத்துக்கொள்வதாக ஆர்டர் போடுங்கள். எடுக்க வருபவர் என்று ரூம்மேட் பெயரையும் சேர்த்துவிடுங்கள். கடையில் சில நாள்தான் வைத்திருப்பார்கள், நீங்கள் 10-ஆம் தேதி போய் இறங்கும்வரை காத்திருக்காது. வந்த பிறகு பழைய டிவியைப் பழைய ரசீதோடு கொடுங்கள். முதலில் திருப்பிவிட்டு அப்புறம் வாங்கலாம் என்று போனால் ஸ்டாக் தீர்ந்திருக்கும், பழைய டிவியும் போய் புது டிவியும் இல்லாமல் நிற்பீர்கள்.

திருப்பும்போது அட்டைப்பெட்டி, தெர்மாகோல், ஸ்டாண்டு, திருகாணிகள், ரிமோட், அதன் பேட்டரி வரை எல்லாம் வேண்டும். குறைந்ததற்குக் கழிப்பார்கள். காரில் படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள், நெட்டுக்குத்தாகத்தான் கொண்டுபோக வேண்டும். 55 இன்ச் பேனல் படுத்த நிலையில் ஒரு பள்ளம் தாண்டினாலே விரிசல் விடலாம், விரிசல் விட்ட டிவியை யாரும் எடுக்க மாட்டார்கள். பெட்டியைக் குப்பையில் போட்டிருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரே ஒரு காரியம் செய்யக் கூடாது. புது டிவியைப் பிரிக்காமலே பழைய ரசீதைக் காட்டித் திருப்பிவிடலாம், இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். சீரியல் எண் விற்கும்போதே பதிவாகியிருக்கும். கவுன்டரில் ஸ்கேன் செய்தால் ஒத்துவராது, அதன் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது. திருப்புவதற்கு ஐடி கேட்கும் கடைகளும் உண்டு. தி ரீடெய்ல் ஈக்வேஷன் என்று கலிபோர்னியா கம்பெனி ஒன்று இருக்கிறது. பல கடைகளுக்காக, யார் எத்தனை முறை திருப்பினார்கள் என்று கணக்கு வைப்பதே அதன் தொழில். எல்லை மீறினால் ரசீதோடு போனாலும் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை என்றால் கவலையே வேண்டாம். பத்து டாலருக்கும் இருபது டாலருக்கும் வாரா வாரம் போய் நிற்பவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

ஏர் ஃபிரையர் சுலபம். அமேசானில் 65-க்குப் புதிதாக ஆர்டர் போடுங்கள். விற்பவர் அமேசான்தானா, வேறு யாராவதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்; பெயர் தெரியாத விற்பனையாளரிடம் விலை குறைவாக இருந்தால் திருப்பும் விதியும் வேறாக இருக்கலாம். பிறகு பழைய ஆர்டரைத் திறந்து ரிட்டர்ன் கொடுங்கள். காரணம் கேட்கும் பட்டியலில் "குறைந்த விலையில் கிடைக்கிறது" என்ற பொருளில் ஒன்று இருக்கும், அதையே தேர்ந்தெடுங்கள். சீக்கிரம் பணம் வரும் என்று "பழுது" என்று போடும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. பிரிக்காத பெட்டியைப் பழுது என்று சொன்னால் அது பொய் என்பது அவர்களுக்கே தெரியும், கணக்கை மூடிய சம்பவங்களும் உண்டு. க்யூஆர் கோடு வந்ததும் ரூம்மேட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். யுபிஎஸ் ஸ்டோரில் காட்டிப் பெட்டியைக் கொடுத்தால் போதும். நீங்கள் அங்கே இருக்கத் தேவையே இல்லை.

லேப்டாப்தான் கஷ்டம். அது இங்கே இருக்கிறது. வித்தியாசம் கேட்பதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டியதில்லை, ரசீது எண் போதும், அதனால் சென்னையிலிருந்தே சாட்டில் கேட்கலாம். எடிசனில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 8.30, மாப்பிள்ளை அழைப்புக்கு நடுவில் உட்கார வேண்டாம், மறுநாள் பாருங்கள். அமெரிக்க நம்பருக்கு ஓடிபி வரும், சிம்மைக் கழற்றி வைத்திருந்தால் போட்டு வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். அந்த ஊர் இலவச எண்களுக்கு நம் ஊர் சிம்மிலிருந்து கூப்பிட்டால் பெரும்பாலும் போகாது, போனாலும் காசு பிடிக்கும். சாட் முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், "ஐந்து நாளில் வரும்" என்றவர் பெயரோடு.

தர முடியாது என்றால் அந்த 160 டாலரை மறந்துவிடுங்கள். கல்யாணப் பெண்ணின் பரிசைப் பிடுங்கி பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுபோகும் அளவுக்கு அது பெரிய தொகை இல்லை.

பணம் எந்தக் கார்டில் போனது என்பதை நீங்கள் எழுதவில்லை. இரண்டு விஷயத்துக்காகக் கேட்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு அங்கே கிரெடிட் லிமிட் சிறியது. லிமிட் 1,000 டாலர் என்று வையுங்கள்: டிவிக்கு வரியோடு 511.80 ஏற்கெனவே போயிருக்கிறது, புதியதுக்கு 373.19 இன்னும் போகும். பழையது திரும்ப வரவாக ஒரு வாரம் ஆகலாம். அதுவரை லிமிட் கிட்டத்தட்ட நிரம்பியே இருக்கும், கிரெடிட் ஸ்கோர் தற்காலிகமாக இறங்கலாம். அந்தத் திருப்புத் தொகை பெரும்பாலும் நீங்கள் மாதாமாதம் கார்டுக்குக் கட்ட வேண்டிய பணமாக எண்ணப்படாது, மினிமம் தொகையைத் தனியாகக் கட்டுங்கள்.

இந்தியக் கார்டில் வாங்கியிருந்தால் கணக்கே மாறும். பல கார்டுகளில் ஒவ்வொரு டாலர் செலவுக்கும் 2 முதல் 3.5 சதவீதம் மார்க்அப் (வெளிநாட்டுப் பணத்தில் செலவழிப்பதற்கான கூடுதல் கட்டணம்), அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. திருப்பினால் அந்த மார்க்அப் பொதுவாகத் திரும்ப வராது, மறுபடி வாங்கும்போது இன்னொரு முறை பிடிப்பார்கள். 3.5 சதவீதக் கார்டில் 373.19 டாலருக்கு ஏறக்குறைய 15 டாலர் அப்படியே போய்விடும், ரூபாய் மதிப்பு ஏறி இறங்குவது தனி. ஏர் ஃபிரையருக்கு லாபமே 35 டாலரும் கொஞ்சம் வரியும்தான். எனவே இந்தியக் கார்டு என்றால் வித்தியாசம் மட்டும் கேளுங்கள், அல்லது புதியதை அமெரிக்கக் கார்டில் எடுங்கள்.

முதல் முறை வாங்கும்போது கூப்பன் போட்டிருந்தீர்களா என்றும் பாருங்கள். 10 சதவீதக் கூப்பன் போட்டு 480 ஆனது என்றால் திருப்பிய பிறகு அந்தக் கூப்பன் பெரும்பாலும் செத்துவிடும். இலவசமாகக் கொடுத்த கிஃப்ட் கார்டைச் செலவழித்திருந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் மிச்சம் தருவார்கள். கிளியரன்ஸ், ஃபைனல் சேல் என்று போட்டு விற்றதைத் தொடவே முடியாது. செல்போனைத் திருப்பினால் ரீஸ்டாக்கிங் ஃபீ என்று, திரும்ப எடுத்துக்கொள்வதற்கான கட்டணம் ஒன்று பிடிப்பதும் உண்டு, பெஸ்ட் பையில் 45 டாலர்.

ஏமாற்று வேலையா என்றீர்களே. பிரிக்காத பொருள், சொன்ன கெடு, உண்மையான காரணம் என்றால் இல்லவே இல்லை. கிரிக்கெட் இறுதிப் போட்டி பார்க்கப் பெரிய டிவி வாங்கி, மறுநாள் திருப்புகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்; அது வேறு ரகம். உங்கள் டிவி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. விதி அனுமதிக்கிறது, ஆனால் மூன்று வாரம் பார்த்த டிவி. அதனால்தான் முதலில் சாட்டைத் திறந்து வித்தியாசத்தைக் கேட்கச் சொல்கிறேன். இன்று இரவு 8.30-க்கு மேல் உட்காருங்கள், டிவியையும் லேப்டாப்பையும் ஒரே சாட்டில் கேட்டுவிடலாம்.