106 ஏக்கர் (கடிதம்)

வணக்கம்.

கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கோதுமை, மெக்சிகோ, 1970-ல் நோபல் எல்லாம் விரிவாக இருந்தன. அவரைப் பெற்றவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயி என்பதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு மனம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. எனக்கும் ஒரே மகன். நிலம் வேண்டாம், மேலே படிக்கிறேன் என்கிறான். போர்லாக் வீட்டின் ஒரே ஆண்பிள்ளை மண்ணை விட்டுப் போனது துரோகம் இல்லையா?

ஒரு வாசகர், திருவாரூர்

அன்புள்ள ஐயா,

உங்கள் குறை நியாயமானது. அந்த ஒரு வரி போதாதுதான்.

நார்மனின் அப்பா ஹென்றி போர்லாக்கின் நிலம் அயோவாவின் வடகிழக்கில், புரோட்டிவின் என்ற சிற்றூருக்கு மேற்கே இருந்தது. 106 ஏக்கர். இவர்களின் முன்னோர் 1854-ல் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஹென்றிக்கும் கிளாராவுக்கும் மூத்தவன் நார்மன். அவனுக்குப் பின் மூன்று பெண்கள்; கடைக்குட்டி ஹெலன் 1921-ல் பிறந்த வருடமே இறந்துபோனாள்.

மக்காச்சோளம், ஓட்ஸ், திமோதி என்ற தீவனப் புல் விளைந்தன. மாடு, பன்றி, கோழி வளர்த்தார்கள். ஓட்ஸிலும் புல்லிலும் பெரும்பங்கு விலங்குகளுக்கே, முக்கியமாக உழவுக் குதிரைகளுக்கு. உழுகிற குதிரைக்குத் தீனி போடவே நிலத்தில் ஒரு பகுதியை உழ வேண்டும். அந்த வேலைக்கெல்லாம் ஆள் வேண்டும். ஏழு வயதிலிருந்து நார்மன் அந்த ஆள். பிறகு வீட்டுக்கு ஒரு ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. குதிரையோடு பையனுக்கும் நுகத்தடி கழன்றது என்றே நான் நினைக்கிறேன்.

ஓர் ஆசிரியை, ஒரே அறை, எட்டாம் வகுப்பு வரை: அதுதான் ஊர்ப் பள்ளி. அங்கே பாடம் சொன்ன சினா அவனுக்கு ஒன்றுவிட்ட அக்கா. கணக்கு வராது, ஆனால் விடாப்பிடியானவன், மேலே அனுப்புங்கள் என்று வீட்டில் வற்புறுத்தியவள் அவள். தாத்தா நெல்ஸ், பின்னால் வயிறு நிறைய வேண்டுமானால் இப்போது தலையை நிரப்பிக்கொள் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். துரோகம் என்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்களே கூடி வழியனுப்பிய பிள்ளையை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவன் கிளம்பிய வருடத்தையும் பாருங்கள். 1933. மக்காச்சோளம் நிலக்கரியைவிட மலிந்து, அயோவாவில் பல வீடுகளில் அதையே அடுப்பில் எரித்த காலம். முந்தைய வருடம்தான் விவசாயிகள் விலை கேட்டுப் பாலைச் சாலையில் கொட்டினார்கள். அந்த ஏப்ரலில் லெ மார்ஸ் நகரில், அடமான நிலங்களை ஏலம் விடுவதை நிறுத்துவதாக உறுதி தர மறுத்த நீதிபதியை நீதிமன்றத்திலிருந்து இழுத்துப்போய்க் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். உயிரோடு விட்டார்கள், அவ்வளவுதான். சாதாரணக் குடியானவர்கள் அவர்கள். நிலம் கையைவிட்டுப் போகிற பயம் மனிதரை எதுவரை கொண்டுபோகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வருடத்தில், வேலை செய்யத் தெரிந்த 19 வயது மகனை மினியாப்பொலிஸுக்குப் படிக்க அனுப்பிவிட்டு மீதி வேலையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார் ஹென்றி. கட்டுரையில் நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

மகன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றான். இரண்டாண்டுப் பொதுப் பிரிவில் இடம்பிடித்து, அங்கிருந்து வனவியலுக்குப் போனான்.

இன்னும் ஒன்று. 1945-ல் மெக்சிகோவின் யாக்கிப் பள்ளத்தாக்கில், பாழடைந்து கிடந்த ஓர் ஆய்வுப் பண்ணைக்கு நார்மன் போய்ச் சேர்ந்தபோது அங்கே டிராக்டரும் இல்லை, குதிரையும் இல்லை. முனைவர் பட்டம் பெற்ற அந்த மனிதர் கலப்பையின் வாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்தார். படித்த படிப்பில் இது கிடையாது. அப்பாவின் 106 ஏக்கரில் கற்றது.

உங்கள் மகன் என்ன படிக்க விரும்புகிறான் என்று எழுதவில்லையே. எழுதுங்கள்.

அன்புடன்