ஏஐகிட்ட சுருக்கம் கேக்கலாமா?

வணக்கம் சார்,

சயின்ஸ் படிப்பெல்லாம் எனக்கு ஸ்கூலோட சரி. இப்பல்லாம் ஹெல்த் நியூஸ் எது வந்தாலும் அந்த ரிசர்ச் பேப்பரையே எடுத்து ஏஐகிட்ட குடுத்து தமிழ்ல சுருக்கிக் கேட்டுடறேன். தெளிவா புரியுது. பிஎச்டி பண்ற ஃப்ரெண்ட் இதைக் கேட்டு சிரிக்கறான். என்ன சார் தப்பு?
எஸ்.

அன்புள்ள எஸ்,

தப்பே இல்ல, தாராளமா பண்ணுங்க. பொதுப்பணத்துல நடக்கற ஆராய்ச்சி நிறைய அந்தந்தத் துறைக்காரங்களுக்கு மட்டும் புரியற பாஷைல கிடக்குது, அதை ஒருத்தர் தொறந்து பாக்கறதுல சிரிக்க என்ன இருக்கு? ஆனா "தெளிவா புரியுது"ன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

பேப்பர்ல "கலந்துக்கிட்டவங்களுக்கு வலி குறைஞ்சுது"ன்னு இருக்கும், சுருக்கத்துல அது "இந்த மருந்து வலியைக் குறைக்கும்"னு ஆயிடும். யாருக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு நாள், எல்லாம் போச்சு. 2025ல ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ் ஜர்னல்ல பீட்டர்ஸ், சின்-யீன்னு ரெண்டு பேர் 10 ஏஐ மாடல்கள் எழுதின 4,900 சுருக்கங்களை அலசிப் பாத்தாங்க. இப்படி அளவுக்கு மீறிப் பொதுவாக்கறது மனுஷங்க எழுதின சுருக்கத்தைவிட கிட்டத்தட்ட 5 மடங்கு அதிகமா இருந்துச்சாம். கூத்து என்னன்னா, "துல்லியமா எழுது"ன்னு கேட்டப்போ இன்னும் மோசமாச்சு. (இது அவங்க சோதிச்ச மாடல்களோட கணக்கு, எல்லா ஏஐயும் இப்படித்தான்னு நான் எழுதினா நானும் அதே வேலையைத்தான் பண்றேன்.)

நம்பர் வந்தா இன்னும் உஷாரா இருங்க. 2015ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்தின இறைச்சி தினம் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18% கூடும்னு சொல்லுச்சு. நூத்துல 18 பேருக்கு வரும்னு அர்த்தம் இல்ல, ஏற்கனவே இருக்கற சின்ன அபாயம் அதுல 18% ஏறுது, அவ்ளோதான். அந்த இறைச்சியை புகையிலை இருக்கற அதே குரூப் 1ல (புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியானதோட பட்டியல்) போட்டாங்களேன்னா, அது ஆதாரம் எவ்வளவு உறுதின்னுதான் சொல்லுது, ஆபத்து எவ்வளவு பெருசுன்னு சொல்றது இல்ல.

அதனால சுருக்கம் கேக்கறதை விட்டுட்டு கேள்வியா கேளுங்க. யார் மேல பண்ணாங்க, எதோட ஒப்பிட்டாங்க, பணம் யார் குடுத்தது, குறைன்னு அவங்களே எதைச் சொல்லியிருக்காங்க, ஒவ்வொண்ணும் எந்தப் பக்கத்துல இருக்கு. அப்புறம் அந்தப் பக்கத்தைத் தொறந்து நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க. முக்கியமா முழு பேப்பரையும் குடுங்க, வெறும் அப்ஸ்ட்ராக்டை (பேப்பரோட ஆரம்பத்துல இருக்கற குட்டிச் சுருக்கம்) மட்டும் குடுத்தா மீதியை அதுவா அடிச்சு விடலாம். காசு கட்டினாதான் படிக்கலாம்னு பூட்டி வச்சிருந்தா பப்மெட் சென்ட்ரல்ங்கற இலவச மருத்துவ ஆய்வுக் களஞ்சியத்துல கிடைக்குதான்னு தேடுங்க, இல்லேன்னா பேப்பர்லயே இருக்கற மெயில் ஐடிக்கு ரெண்டு வரி எழுதிக் கேளுங்க, பல பேர் சந்தோஷமாவே அனுப்பி வைப்பாங்க.