கேபின் விளக்கும் வி.எச்.எஃப். ரேடியோவும்

கேள்வி: லங்காவியில் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். 30 அடி, ஃபைபர் உடல். கேபினுக்குள் 10 வாட் ஹாலோஜன் பல்பு ஐந்து; இரவில் நாலு மணி நேரம் எரியும். நங்கூரம் போட்டு மூன்று இரவு தங்கினால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி படுத்துவிடுகிறது. சூடும் தாங்கவில்லை. கூரை முழுக்க எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டிவிடச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா ஐயா? வெளியே இருக்கும் சிவப்பு, பச்சை விளக்குகளுக்கும் எல்இடி பல்பு போடலாமா?

பதில்: எல்இடிக்குத் தாராளமாக மாறுங்கள் தம்பி. ஆனால் அந்த ஸ்ட்ரிப் வேண்டாம்.

முதலில் கணக்கு. ஐந்து பல்பும் சேர்ந்து 50 வாட். ஒரு ராத்திரிக்குச் சுமார் 17 ஆம்பியர்-மணி, மூன்று ராத்திரிக்கு 50. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. விளக்கே அந்தப் பாதியைத் தின்றுவிடுகிறது. 2 வாட் எல்இடி போட்டால் ராத்திரிக்கு மூன்று ஆம்பியர்-மணி சொச்சம்தான். இருக்கிற ஹோல்டரிலேயே செருகும் இரண்டு கால் பல்பு கிடைக்கும். எரியவில்லை என்றால் திருப்பிச் செருகிப் பாருங்கள்; சில எல்இடிக்கு பிளஸ், மைனஸ் உண்டு.

படகில் 12 வோல்ட் என்பது பேச்சுக்குத்தான். சும்மா இருக்கும் பேட்டரியில் 12.7, சார்ஜ் ஏறும்போது 14.4. மலிவு ஸ்ட்ரிப்பில் கரண்டைத் தடுக்கும் ரெசிஸ்டர் மட்டும்தான் காவல். வோல்ட் கொஞ்சம் ஏறினாலும் கரண்ட் நிறைய ஏறும், சீக்கிரமே மங்கிப்போகும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிற பல்பாகக் கேட்டு வாங்குங்கள். நிறம் 2700 கெல்வின், அந்த மஞ்சள் வெளிச்சம். வரைபட மேசைக்கு மட்டும் சிவப்பு. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிஷம் வேண்டும். ஒரு வெள்ளை விளக்கு அதை நொடியில் கெடுத்துவிடும்.

அப்புறம் வயர். முப்பது வருஷம் படகுகளுக்கு வயரிங் பார்த்தவன் நான். ஒரு படகில் வயரின் மேல்தோல் புதுசு மாதிரி பளபளத்தது. ஒரு விரல்கடை சீவினேன், உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் ஒரு முழம் தள்ளி வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. இழை இழையாக உதிர்ந்தது. உப்புக் காற்று வயருக்குள்ளேயே ஊர்ந்து போகும். அதனால் பல்பை வாங்கும் முன் ஒவ்வொரு ஹோல்டரின் முனையையும் சீவிப் பாருங்கள். கறுத்திருந்தால் வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு வயராக மாற்றுங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை கூடவே கூடாது. கிரிம்ப் செய்து, அதாவது உலோக முனைக்குள் வயரை விட்டு நசுக்கி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போடுங்கள். பேட்டரி பக்கத்திலேயே ப்யூஸ் இருக்கட்டும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை, படகுகள் ஒன்றோடொன்றும் கரையோடும் பேசும் வி.எச்.எஃப். ரேடியோ. மட்டமான எல்இடியின் உள்ளே இருக்கும் சர்க்யூட் வி.எச்.எஃப். அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. கூப்பிடுகிறவன் குரல் உங்களுக்குக் கேட்காது, கேட்கவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது. சோதிப்பது சுலபம். எல்இடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாத சேனலில் ரேடியோவை வைத்து, ஸ்க்வெல்ச் குமிழை (வெறும் இரைச்சலை அடக்கும் குமிழ்) இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் திருப்புங்கள். இப்போது விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த விளக்குக்கு மறுபடி இரைகிறதோ, அந்தப் பல்பைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இதற்காகவே முதலில் ஒரு பல்பு மட்டும் வாங்குங்கள், ஐந்தையும் அல்ல.

நம் படகு எந்தப் பக்கம் போகிறது என்று மற்றவர்களுக்குக் காட்டும் சிவப்பு, பச்சை விளக்குகளில் பல்பை மட்டும் மாற்றாதீர்கள். அந்தக் கண்ணாடி பழைய இழை பல்புக்கென்று செய்தது. வெள்ளை எல்இடி போட்டால் விளக்கின் நிறமும், அது எவ்வளவு தூரம் தெரியும் என்பதும் மாறிவிடலாம். எல்இடியோடு சேர்த்துச் சான்று பெற்ற முழு விளக்காகவே வாங்கிப் பொருத்துங்கள்.